வரென்னாவுக்கு ரெண்டு ரிக்கற்

...லேக் பாக்கிறதுக்கு ஆரும் கடல் தாண்டிப் போவினமோ, நீங்களே சொல்லுங்கோ தங்கச்சி! கண்ணாடியைப் பாருங்கோ, கண்ணாடியை... நான் கதைக்கிறன் எண்டு என்ர முகத்தைப் பாக்காதேங்கோ, றோட்டைப் பாருங்கோ. ஓம். இந்த ஒன்ராறியோவில எத்தினை லேக் கிடக்கு? பேர் வைக்க ஆளில்லாத லேக்கே கிடக்கு. சிம்கோவுக்குப் போனா ஒரு புரியாணியும் சாப்பிட்டு, காலையும் நனைச்சுப் போட்டு, பொழுதுபடமுன்னம் மல்வேர்னுக்குத் திரும்பி வந்திடலாம். இல்லையாம். புனிதத்துக்கு அது லேக் இல்லையாம். இத்தாலியில கிடந்தாத்தான் லேக்காம்.

லெப்ற் எடுங்கோ. சிக்னல்... சிக்னல் போட்டிட்டுத் திருப்புங்கோ தங்கச்சி, திருப்பிப்போட்டுச் சிக்னல் போடுறது பின்னால வாறவனுக்கு நியூஸ் வாசிக்கிற மாதிரி. ஆ, அது சரி.

புனிதம் எண்டா என்ர மனிசி. புனிதவதி. நீங்கள் கண்டிருக்க மாட்டியள், அவ இந்தக் காரில ஏற மாட்டா. நான் பக்கத்து சீற்றில இருந்தா தனக்கு நெஞ்சு இடிக்குதாம். இத்தினை வருசமா எத்தினை சனத்துக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்தனான், என்ர மனிசி பஸ்ஸிலதான் வேலைக்குப் போய்வந்தவ. ஆஸ்பத்திரிக் கிச்சினில வேலை. விடிய வெள்ளாப்பில வெளிக்கிட்டுப் போயிடுவா. எனக்கு லெஸன் எல்லாம் பின்னேரமும் சனி ஞாயிறும்தானே, உங்களைப் போல வேலைக்குப் போற ஆக்களுக்கு அப்பத்தானே நேரம். நான் வீட்டை வரேக்க அவ படுத்திடுவா. நான் எழும்பேக்க அவ இல்லை. ஒரு வீட்டில ரெண்டு குடித்தனம் மாதிரி. கதைக்கிறதெண்டா போனில. "பால் முடிஞ்சுது." "சரி." "கறி பிறிஜ்ஜுக்குள்ள கிடக்கு." "சரி." உவ்வளவுதான். சண்டையே வந்ததில்லை. சண்டை பிடிக்க ரெண்டு பேரும் ஒரே இடத்தில நிக்கவேணுமெல்லே.

நேர போங்கோ. உந்த பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டாதேங்கோ, இடம் விடுங்கோ.

இப்ப அவ பென்சன் எடுத்திட்டா. மகள் அட்சயாவும் கலியாணம் கட்டி ஸ்ரௌவ்வில்லுக்குப் போட்டா. நாலு பெட்றூம், பக்கத்தில ஒரு கடை கண்ணி இல்லை, பால் வாங்கக் கார் எடுக்கோணும், அது வேற கதை... அப்ப வீட்டில புனிதம் தனிய. சும்மா இருந்து ரப்லெற்றைத் தட்டித் தட்டி, ஒரு நாள் எனக்குக் கொண்டுவந்து காட்டுறா. "இதைப் பாருங்கோ. வடிவா இருக்கெல்லே?" பாத்தன். தண்ணி. தண்ணிக்குப் பக்கத்தில மஞ்சள், சிவப்பு வீடு. படி, படி, படி. எல்லாம் கல்லுப் படி. கோமோ லேக்காம். கரையில வரென்னா எண்டு பழங்காலத்து ஊராம். நான் கேட்டன், "கார் எங்கால போறது?" எண்டு. உள்ளுக்குக் கார் போகாதாம், நடக்கோணுமாம். தண்ணிக்கு மேலால ஒரு நடைபாதை கிடக்கு, அதுக்குப் பேர் காதலர் நடையாம். எனக்கு முழங்கால் நோ. காதலருக்கு முழங்கால் நோ வராது போல.

"ஆர் ஆர் போறது?" எண்டு கேட்டன். "நாங்கள் ரெண்டு பேரும்" எண்டா.

"ரெண்டு பேருமோ?"

"ஓம். நாங்கள் ரெண்டு பேரும் தனிய ஒரு இடமும் போனதில்லை."

"மொன்றியல் போனாங்கள் தானே?"

"அது கலியாணவீடு. வான் நிறைய ஆக்கள். உங்கட மடியில உங்கட அண்ணையின்ர சூட்கேஸ் இருந்தது."

அது உண்மைதான். இருந்தது.

இஞ்ச, இந்தச் சிக்னலில றைற் எடுங்கோ. ஹைவே போட் தெரியுதெல்லே? அதுதான். ஏறுங்கோ... என்ன? ஓம், உங்கட டெஸ்றில ஹைவே இல்லைத்தான். இல்லையெண்டாப்போலை பழகாம விடுறதே? நான் பக்கத்தில இருக்கிறன், நான் இன்ஸ்ரக்ரர், நீங்கள் என்னோட போர் ஓ வண் ஹைவேயில ஓடலாம், சட்டத்தில இடமிருக்கு. அமத்துங்கோ. காஸை அமத்துங்கோ தங்கச்சி, கெஞ்சிக்கொண்டு ஏறேலாது. பாருங்கோ... பின்னால பாருங்கோ... இப்ப! உள்ள! ஆ. பாத்தியளோ, ஏறியாச்சு. மூச்சை விடுங்கோ.

ரிக்கற் ரெண்டும் புனிதம்தான் போட்டவ. ஹோட்டலும் அவதான். ஹோட்டல்காரன் எழுதிக் கேக்கிறான், கலியாண நாளோ, தேன்நிலவோ, லேக்கில போட்டில ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு சுத்துப் போடட்டோ எண்டு. அவ ஓம் எண்டு போட்டா. நான் லைஃப் ஜக்கெற் தருவினமோ எண்டு கேக்கச் சொன்னன். அதை அவ கேக்கேல்லை. எனக்குத் தெரியும் கேக்கேல்லை எண்டு.

சரி, போவம் எண்டு விட்டிட்டன். அதுக்குப் பிறகுதான் தங்கச்சி இந்தக் கூத்து. என்ர அண்ணை இருக்கிறாரெல்லே, சண்முகலிங்கம், ரூஜ்ஜில இருக்கிறார், அவரும் வாறாராம். சரி, அவர் வந்தா அவற்ர மனிசி, மச்சாளும் வருவா, விட்டிட்டு வர ஏலுமே. மச்சாள் வந்தா மச்சாளின்ர தங்கச்சி. தங்கச்சிக்கு மாமியார், தனிய விடேலாதாம், வீல் செயாரோட. கல்லுப் படியில வீல் செயார்! அதுக்குள்ள அண்ணை பிளான் போடுறார், மினி பஸ் ஒண்டு பிடிப்பம், மிலானில நகை பாப்பம், றைஸ் குக்கர் ரெண்டு கொண்டுபோவம், அங்கத்தைச் சோறு வேகாத சோறாம். வாட்ஸப்பில குறூப் துறந்தாச்சு. குறூப்பில என்னைப் போட்டிருக்கு, புனிதத்தைப் போடேல்லை. இப்பிடித்தான் எங்கட ஆக்கள். ஒருத்தன் நிம்மதியா ஒரு இடம் போகப்படாது. வாலைப் பிடிச்சுக்கொண்டு வந்திடுவினம். கூச்சமில்லை, நாச்சமில்லை...

லேன் மாறப் போறம். நடு லேனுக்கு. அவசரமில்லை. லொறி போகட்டும், லொறியோட எங்களுக்கு ஒரு கோவமுமில்லை.

புனிதத்துக்கு இது எப்பிடித் தெரிய வந்தது தெரியுமோ? கோயிலில. மச்சாள் பிரசாதத்தை வாங்கிக்கொண்டே கேட்டிருக்கிறா, "புனிதம், அங்க குளிரோ, நான் சுவெற்றர் எத்தினை கொண்டுவாறது?" எண்டு. புனிதம், "எங்க, மச்சாள்?" எண்டிருக்கிறா. அவ்வளவுதான்.

வீட்டை வந்து எனக்குப் புட்டு வைச்சா. முன்னுக்கு இருந்தா. நான் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டிருந்தா. நான் புட்டை முடிச்சிட்டன், கோப்பையில ஒண்டுமில்லை, அப்பவும் கையைப் பிசைஞ்சுகொண்டிருக்கிறன்.

"அவையை ஆர் கூப்பிட்டது?" எண்டா.

என்ன... என்ன கேட்டனீங்கள்? நீங்களும் அதைத்தான் கேக்கிறியளோ?

...

நான்தான் கூப்பிட்டனான். வேற ஆர். அண்ணை போன் எடுத்து "எங்கையடா போறாய்" எண்டார், நான் "வரென்னா" எண்டன். பேந்து கேக்கிறார், "என்னடா இந்தியாக்காரர் மாதிரி வரேண்ணா எண்டுறாய், இப்பத்தானே கதைக்கத் தொடங்கினனாங்கள், அதுக்கிடையில எங்க போறாய்?" எண்டு. "இல்லை அண்ணை, ஊரின்ர பேரே அதுதான்." அவருக்குச் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. சிரிச்சுக்கொண்டு... "நீங்களும் வாங்கோவன்" எண்டிட்டன். வாயில வந்திட்டுது. அவர் முதல் மாட்டன் எண்டுதான் சொன்னவர். நான்தான் திருப்பித் திருப்பிக் கேட்டனான். மாமியாரையும் நான்தான்... "வீல் செயார் பரவாயில்லை, தூக்குவம்" எண்டனான்.

உந்த லேன்லயே நில்லுங்கோ. யங் ஸ்ரீற் வருது, சனம் வெட்டி வெட்டி வரும், நீங்கள் உங்கட பாட்டில போங்கோ.

பயமெண்டில்லை தங்கச்சி. பயமெண்டு சொல்லாதேங்கோ. நான் ஸ்னோவில, முதல் நாள் பழகிறவனோட, இந்த ஹைவேயில போனவன். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. காலமை எழும்பி அவவும் நானும். ஒரு மேசை. முன்னுக்கு ஒரு லேக். மத்தியானமும் அதே லேக். ஒரு கிழமை. என்ன கதைக்கிறது? நான் கதைச்ச கதையெல்லாம் இந்த சீற்றில இருந்து, உங்களை மாதிரி ஆக்களோட கதைச்சதுதான். நாள் முழுக்கக் கதைச்சிட்டு வீட்டை போனா எனக்குத் தொண்டை அடைச்சிருக்கும். இப்ப நீங்கள் ஏறினாப்பிறகு என்னைப்பற்றிக் கேட்டதில பாதி அவ கேட்டிருக்க மாட்டா. அவவைப்பற்றி எனக்கு... அவவுக்கு லேக் பிடிக்கும் எண்டே எனக்குத் தெரியாது. ஆர் கேட்டது?

ஆக்கள் இருந்தா சமாளிக்கலாமெல்லே. அண்ணை கதைப்பார். நான் சூட்கேஸை வைச்சுக்கொண்டிருப்பன்.

அதைத்தான் புனிதத்துக்கும் சொல்லப் பாத்தன். சொல்லத் தெரியேல்லை. "ஆக்கள் வந்தா உமக்கும் பொழுதுபோகுமெல்லே" எண்டன். அவ எழும்பிக் கோப்பையைக் கழுவினா. கழுவிக்கொண்டு, திரும்பாமச் சொல்லுறா, "நான் போறன். உங்கட ரிக்கற் அப்பிடியே கிடக்கும். ஆக்களோட வாறதெண்டா வராதேங்கோ. வாறதெண்டா நீங்கள் வாங்கோ" எண்டு. கத்தேல்லை. கத்தியிருந்தாப் பரவாயில்லை. அண்டையில இருந்து வீட்டில பால் முடிஞ்சாக்கூடச் சொல்லுறேல்லை. அவவே போய் வாங்குறா.

நான் போறேல்லை எண்டுதான் இருந்தன். லெஸன் எல்லாம் போட்டு வைச்சிட்டன், இண்டைக்கு உங்களுக்கும் போட்டன். இண்டைக்கு மத்தியானம் அட்சயா வந்து தாயைப் பிளைற்றுக்கு ஏத்திக்கொண்டு போட்டாள். நான் கராஜில நிண்டு ரயருக்குக் காத்து அடிச்சன். காத்து இருந்த ரயருக்குத்தான் அடிச்சன். புனிதம் காருக்குள்ள ஏறமுன்னம் நிண்டவ. நானும்... பம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கார் திரும்பிப் போட்டுது. அதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் காத்து அடிச்சன்.

பிறகு உள்ளுக்குப் போய் அண்ணைக்குப் போன் எடுத்தன். அவை இன்னும் ரிக்கற் போடேல்லை. கடைசி நேரம் விலை விழும் எண்டு காத்துக்கொண்டிருக்கிறார். இண்டைக்கும் காத்துக்கொண்டுதான் இருந்தவர். "அண்ணை, நீங்கள் வரவேண்டாம்" எண்டன். "என்னது?" எண்டார். "நானும் புனிதமும் மட்டும் போறம்" எண்டன். "தம்பி, நீ ஆக்களைக் கூப்பிட்டுப்போட்டு இப்ப மரியாதை கெட்ட வேலை பாக்கிறாய். உனக்கு மனிசி பெரிசாப் போச்சோ?" எண்டு கேட்டார். நான் பிறந்ததில இருந்து அண்ணைக்கு மறுத்துக் கதைச்சதில்லை தங்கச்சி.

"ஓம் அண்ணை" எண்டன்.

வைச்சிட்டார். குறூப்பில இருந்து என்னை எடுத்தும் விட்டிட்டார். மச்சாளின்ர தங்கச்சி கையெடுத்துக் கும்பிடுற படம் ஒண்டு தனியா அனுப்பியிருக்கிறா, நன்றியோ கோவமோ தெரியேல்லை.

இனி வலக்கைப் பக்கம் பிரியும், போர் ஓ நைன் ஹைவே, அதைப் பிடியுங்கோ... ஓம், பிளேன் படம் போட்டிருக்கிற போட்தான். ஓம், எயாப்போட்தான். கத்தாதேங்கோ, ஸ்ரியரிங்கை நேர பிடியுங்கோ! சொல்லியிருந்தா நீங்கள் வந்திருக்க மாட்டியள். உங்கட லெஸன் குறையாது, கிளிபோட் டிப்பாச்சர்ஸ் வாசலில நிக்கிறான். என்னோட வேலை செய்யிற இன்ஸ்ரக்ரர், நல்ல பொடியன், ஐம்பது வயசாகுது. அவன் உங்களை மல்வேர்னுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவான். திரும்பவும் ஹைவே. ஒரே நாளில ரெண்டு தரம், பாத்தியளோ உங்கட அதிஷ்ரம். சூட்கேஸ் டிக்கியில கிடக்கு. நீங்கள் ஏறேக்கயும் கிடந்தது.

மெதுவா. மேல ஏறுங்கோ, மெதுவா. அந்தா கிளிபோட் கை காட்டுறான். கரையோட ஒட்டி... ஒட்டி... நிப்பாட்டுங்கோ. பார்க்கில போடுங்கோ. சோக்கா நிப்பாட்டினீங்கள்.

கிளிபோட், இவவுக்குப் பின்னால பாக்கிறது காணாது, சொல்லிக்கொண்டிரு. பரலல் பார்க்கிங்கும் ஒருக்கா... ஓமடா, இறங்கிறன். இறங்கிறன் எண்டிறன். அந்த வெள்ளைக்காரன் ஏன் எனக்குக் கை காட்டுறான், நிக்கக்கூடாதாமோ? இப்பத்தானே வந்தது. தங்கச்சி, ஒரு கேள்வி. உள்ளுக்குப் போய் முதல் என்ன சொல்லுறது? ... மன்னிச்சுக்கொள்ளும் எண்டோ? அதை எப்பிடிச் சொல்லுறது, சிரிப்பா. ரயருக்குக் காத்து அடிச்சதைச் சொல்லட்டோ? ... உண்மையாவோ? அதைச் சொன்னாக் காணுமோ?

நில்லுங்கோ. நில்லுங்கோ. அங்க பாருங்கோ, அந்தக் கதவடி, நீலச் சுவெற்றர். புனிதம். ஏன் இன்னும் வெளியில நிக்கிறா? எப்பவோ வந்தவ, உள்ளுக்குப் போயிருக்கோணுமே. பக்கத்தில அட்சயா. புனிதத்தின்ர கையில என்ன... கோப்பி. ரெண்டு கையிலயும் கோப்பி வைச்சுக்கொண்டு நிக்கிறா. ஒண்டு அட்சயாவுக்காக்கும்... இல்லையே. அட்சயா கோப்பி குடியாள். சின்னனில இருந்தே குடியாள்.

...

ஆறியிருக்கும். இவ்வளவு நேரமும் வெளிக் காத்துக்குள்ள நிண்டா ஆறாம என்ன செய்யும்? பச்சைத் தண்ணியாப் போயிருக்கும். கேட்டவவோ என்னட்ட, வாறியளோ எண்டு? ஒரு போன் அடிச்சவவோ? தன்ர பாட்டில வாங்கி வைச்சுக்கொண்டு நிக்கிறா. உதைத்தான் தங்கச்சி நான் சொல்லுறது, இந்த மனுசியோட... டிக்கியைத் திறவுங்கோ, கெதியா, கெதியா திறவுங்கோ... இஞ்சேரும்! புனிதம்! இஞ்சால, இஞ்சால பாரும்! அதைக் கொட்டிப் போடாதேயும், நான் குடிக்கிறன்!