மேட்டில் விழுந்த கால்

ஆர்வின்: ...மேட்டு மேல ஏறாதே ட்ரூடி. அங்கேயே நில்லு.

ட்ரூடி: காலங்காத்தால தபால் பையைச் சுமந்துக்கிட்டு வரேன், இதான் மரியாதையா? சரிய்யா, உன் மைதானம்.

ஆர்வின்: என்னோடதா? பாதி காலேஜுக்காரங்களுது, பாதி உங்க ஊர் பேஸ்பால் டீமோடது. மண்ணள்ளிக் கொட்டுறது மட்டும்தான் என்னோடது.

ட்ரூடி: அதென்ன குழி?

ஆர்வின்: பந்து எறியறவன் கால் ஊனுற இடம். நேத்து சாயங்காலம் களிமண்ணு போட்டு இடிச்சு மட்டம் பண்ணிட்டுப் போனேன். காலையில பாத்தா இப்படி. காலேஜ் கோச்சும் பாத்துட்டாரு.

ட்ரூடி: கத்தினாரா?

ஆர்வின்: கத்தியிருந்தா பரவாயில்லை. மெதுவாப் பேசினாரு. உங்க டீம் ஆளுங்கதான் திருட்டுத்தனமா வந்து எறியறாங்களாம். யாருன்னு மத்தியானத்துக்குள்ள தெரியலைன்னா மைதானத்துப் பூட்டை மாத்திடுவேன்னாரு.

ட்ரூடி: ஞாயித்துக்கிழமை எங்க மேட்ச் இருக்கேய்யா.

ஆர்வின்: அதையும் சொன்னேன். வேற இடம் பாத்துக்கட்டும்னுட்டாரு.

ட்ரூடி: முயல் ஏதாவது... பறிச்சிருக்கும்...

ஆர்வின்: முயலு ஷூ போடுமா? குனிஞ்சு பாரு. எறியறப்ப முன்னால வந்து விழுந்தது வலது காலு. அப்ப எறிஞ்சது இடது கை.

ட்ரூடி: எங்க டீம்ல இடதுகைக்காரனே கிடையாது.

ஆர்வின்: தெரியும். காலேஜ்ல ஒருத்தன் இருக்கான், அவன் பாதம் துடுப்பு மாதிரி. இது சின்னப் பாதம். ஆடறவங்க ஷூவுல இருக்கிற முள்ளும் இல்லை. கட்டம் கட்டமா அச்சு... வீடு வீடா நடக்கிறவங்க போடறது. காலை ஏம்மா பின்னால இழுக்கிறே?

ட்ரூடி: குளிருது.

ஆர்வின்: நெத்தியில வேர்க்குதே.

ட்ரூடி: ...எங்களுக்குப் பந்து எறியற லைலுக்குத் தோள் போச்சு ஆர்வின். எறியறதுக்கு வேற ஆள் இல்லை. ஆள் வருதுன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். எந்த ஆளுன்னு சொல்லலை. அம்பத்திரண்டு வயசுப் பொம்பளைன்னா சிரிப்பானுங்க.

ஆர்வின்: எத்தனை நாளா?

ட்ரூடி: மூணு வாரம். விடியறப்ப வந்து வலையைப் பாத்து எறிவேன், அப்புறம் தபாலாபீஸ். இரு, நானே போய்ச் சொல்லிடறேன். என்னை வெளியில நிறுத்தட்டும். பசங்க ஆடட்டும்.

ஆர்வின்: நீ வெளியில நின்னா எறியறது யாரு?

ட்ரூடி: அதுக்காக ஊர் டீமையே தெருவுல விடவா? என் கூறுகெட்ட வேலை. தினமும் மூடிட்டுத்தான் போவேன். நேத்து வரைக்கும் ஒருத்தன் கண்ணுலயும் படலை. இன்னிக்கும் அப்படித்தான் மூடினேன்...

ஆர்வின்: நீ மூடினியா? புழுதியைத் தள்ளி விட்டுட்டுப் போவே. அதைத் தோண்டி எடுத்து, தண்ணி தெளிச்சு, புதுக் களிமண்ணு வச்சு இடிச்சது யாருன்னு நினைக்கிறே? மூணு வாரமா.

ட்ரூடி: ...உனக்குத் தெரியுமா?

ஆர்வின்: நட. நானும் வரேன். திறந்து கிடந்த குழிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ட்ரூடி: அப்ப இன்னிக்கு மட்டும் ஏன்யா மூடாம விட்டே?

ஆர்வின்: உன் காலு போன வாரத்தைவிட ஒரு சாண் முன்னால தள்ளி விழுந்திருக்கு ட்ரூடி, எறியற வேகம் அவ்வளவு கூடியிருக்கு. நம்ப முடியலை. நீ தள்ளின புழுதியை எடுத்துட்டு, அளந்து பாத்துட்டு மூடலாம்னு அளவுகோல் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன்... அதுக்குள்ள அவரு வந்து நிக்கிறாரு.