மெஷினு கட்சி

– கை தட்டுனியா இல்லையா, அத மட்டும் சொல்லு.

– ஊரே தட்டுச்சு, நானும் தட்டுனேன். சோறு ஆறுது, வெரசா சாப்பிடுங்க.

– ந்தா பாரு வேலுத்தாயி, ஊரு தட்டுறது வேற. நேத்து போடித் திருவிழா மேடையில நான் மெஷினு கட்சி, அந்த வெள்ளைத்துரைப் பய மனுசன் கட்சி. காசிமாயன் பொண்டாட்டி எதிர்க்கட்சிக்குக் கை தட்டுனா ஊரு சிரிக்காது?

– பய கியன்னு பேசாதீக. எங்க அத்த மகன். நாலு பேரு மதிக்கிற வாத்தியாரு.

– அதான! அத்த மகன். மொறைமாப்ள. எனக்கு முன்னால ஒன்னையப் பரிசம் போட இருந்த ஆளு.

– ஆத்தாடி, பதிமூணு வருசத்துக் கதைய எங்க இருந்து தோண்டுறீக? வெள்ளைத்துரை மச்சானுக்கும் அன்னக்கொடிக்கும் மூணு புள்ள இருக்கு.

– ந்தா பாரு! அவன் மச்சான். தாலி கட்டுன நான் மட்டும் ‘ஏங்க’.

– ஏங்க, ஒரு பட்டிமன்றத்துல தோத்ததுக்கா இம்புட்டு?

– நானா தோத்தேன்? ‘விண்வெளிக்குப் போக வேண்டியது மனிதனா, எந்திரமா?’ன்னு தலைப்பு வந்த நாள்ல இருந்து மலையில ஒரு மாசம் பழைய பேப்பரெல்லாம் தேடிப் படிச்சேன். செவ்வாயில மெஷினு எறங்கி மண்ணத் தோண்டிப் பாத்துச்சா இல்லையா? சனி கெரகத்தத் தாண்டிப் போயும் படம் அனுப்புச்சா இல்லையா? அது சோறு கேக்குமா? அதுக்கு மூச்சு முட்டுமா? போன எடத்துலயே கெடந்து சோலியப் பாக்கும். செத்துப் போனாலும் ஒரு வீட்டுல எழவு விழாது.

– நல்லாத்தான் பேசுனீக. யாரு இல்லேன்னா?

– பொறவு எதுக்கு அவன் பேசையில கண்ணத் தொடச்ச? மேடையில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.

– எப்பத் தொடச்சேன்?

– தெரியாத மாதிரி கேளு. ‘பங்குனியில நம்ம நாட்டு ஆளு ஒருத்தரு மொத தடவையா ஆகாசத்துக்குப் போயி எட்டு நாள் கழிச்சு எறங்குனாரே, அந்த எட்டு நாளும் ஒரு வீட்டுல அடுப்புல ஒரு கண்ணு, வானத்துல ஒரு கண்ணு. காத்துக் கெடக்க ஆளிருந்தாத்தான் அது பயணம். இல்லேன்னா வெறும் லோடு’ன்னான். நடுவரே எந்திரிச்சுல்ல கை தட்டுறாரு!

– நல்ல வார்த்ததான.

– நல்ல வார்த்ததான். ஆனா அந்த ‘வெறும் லோடு’ வாத்தியாரு வார்த்த இல்ல. தை மாசம் மலைக்குத் திரும்பையில ஜீப்பு ஸ்டாண்டுல, அரிசி மூட்டைக்கு மேல நான் ஏறி ஒக்காந்தப்ப நீ எங்கிட்டச் சொன்ன வார்த்த.

– அடேயப்பா, அப்ப காதுல விழுந்துச்சா? ‘சரி சரி, வண்டி கெளம்புது’ன்னுதான சொன்னீக.

– பேச்ச மாத்தாத. எங்க வீட்டு வார்த்த அவன் வாய்க்கு எப்படிப் போச்சு?

– ஏலக்கா பொறுக்குற எடத்துல அன்னக்கொடிகிட்டச் சொன்னேன். அவ போயி வீட்டுல சொல்லியிருக்கா. அந்த மனுசன் காது கொடுத்துக் கேட்டிருக்காரு, அம்புட்டுத்தான்.

– காது கொடுத்துக் கேட்டாராம்! பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்துர்ற ஆளுக்குக் காது கொடுக்க என்ன கஷ்டம்? நான் மலையில அடுப்பனல்ல நின்னு ஏலக்காயக் காய வைக்கிறவன். அதுக்காக ஒன்னைய மறந்தேனா? டேப் ரெக்கார்டர் வாங்கித் தந்தேன். மாசம் தவறாம கேசட்டுல பேசி ஜீப்பு டிரைவர் மொக்கையன்கிட்டக் கொடுத்து விடல?

– கொடுத்து விட்டீக. எங்கப்பன் கருமாதிக்கும் கேசட்டுதான் வந்துச்சு.

– அன்னைக்கு மண்ணு சரிஞ்சு மலை ரோடே அடைச்சுக் கெடந்துச்சு, தெரியும்ல?

– கேசட்டு மட்டும் எந்த ரோட்டுல எறங்குச்சு?

– அது... சீசன் நேரம். மொதலாளி விடல.

– சரி, விடுங்க. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா?

– கொழம்பு கெடக்கட்டும். எனக்கு வயிறு எரியுது வேலுத்தாயி, பொய் சொல்லல. அவன் பேச்சுக்கு நீ கண்ணத் தொடச்சதப் பாத்ததும் மைக்கப் போட்டுட்டு எறங்கிருவோமான்னு இருந்துச்சு. என்னைய நெனச்சு ஒரு தடவயாச்சும் அப்படித் தொடச்சிருக்கியா?

– தொடச்சிருக்கேன். மொத ரெண்டு வருசம்.

– பொறவு?

– பொறவு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலையில ராசிங்காபுரத்து ஆளுக வந்தாக. அங்க வைகாசிப் பொங்கலுக்கும் இதே தலைப்பாம். அந்த வார்த்த வேலுத்தாயி சொன்னதுன்னு மச்சான் அவுககிட்டச் சொல்லிப்புட்டாரு. என்னையப் பேசக் கூப்பிடுறாக.

– அவன் கட்சியிலயா? அவன் பக்கத்துல, ஒரே பெஞ்சுலயா? நடக்காது. நான் உசுரோட இருக்க வரைக்கும் நடக்காது!

– எந்தக் கட்சின்னு நானே சொல்லலாம்னாக.

– அப்ப இப்பவே சொல்லு. நீ எங்கட்சியா, அவங்கட்சியா?

– ஒங்க கட்சிதான். மெஷினு போதும்னுதான் பேசப் போறேன்.

– நெசமாவா? அப்படிச் சொல்லு எந்தங்கம்! இப்பத்தான் உசுரே வந்துச்சு. வாத்தியாரு மூஞ்சியப் பாக்கணுமே! செவ்வாய், சனி, அம்புட்டையும் நாளைக்கே நான் எழுதித் தர்றேன், நீ நெட்டுருப் போடு.

– எழுதவெல்லாம் வேணாங்க. அஞ்சு வருசமா டேப்புகூடத்தான் குடும்பம் நடத்துறேன். ஆளு வேணாம், மெஷினே போதும்னு என்னைய விட யாரு நல்லாப் பேசிற முடியும்?