அந்தக் குறைக்குப் படம் இல்லை

அக்கா: ஃபேனை நிறுத்து. இன்னொரு தடவை பேசணும்.

தம்பி: எதை?

அக்கா: கேம் விமர்சனத்துல குறைகளை. நிறை பகுதி நல்லா வந்திருக்கு, அதுல நான் கையே வைக்கல.

தம்பி: நேத்தே பேசிக் குடுத்துட்டேனேக்கா. சாயந்திரம் வீடியோவைப் போடணும்னு நீதானே குதிச்ச?

அக்கா: குதிச்சேன். இப்ப திரும்பப் பேசணும்ங்கிறேன்.

தம்பி: வேர்த்து ஊத்துது. சுவரெல்லாம் போர்வை, ஜன்னல்ல மெத்தை... மனுஷன் உட்காருற ரூமா இது?

அக்கா: எதிரொலிக்குது, போர்வை மாட்டுன்னு உயிரை வாங்கினது யாரு?

தம்பி: நான்தான். புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். சரி, என்ன பிரச்சனை? குரல் சரியில்லையா?

அக்கா: குரலுக்கு என்ன, ஜம்முனு இருக்கு. கேமை விக்கிறவன்கூட இவ்வளவு அழகாப் பேச மாட்டான். "சுங்கவாசல் கேம்ல சண்டையே போட வேண்டாம், சும்மா நடந்தாலே போதும். ராஜா ஒரு தடவைகூட வர மாட்டார், ராஜாவோட வரி மட்டும் தெருத்தெருவா வரும்"னு சொன்ன பாரு... எனக்கே எழுந்து நடக்கணும் போல இருந்துச்சு.

தம்பி: நிஜமாத்தான்க்கா. நானூறு வருஷத்துக்கு முந்தின ஊரு. ஆத்துல ஓடம், கரையில துணி துவைக்கிறவங்க சண்டை, படித்துறையில தூங்குற நாய். அந்த ஓடக்காரனா நாம சுத்துறோம். எந்தத் தெருவுக்குள்ளயும் போகலாம், எந்த வீட்டுக் கூரையிலயும் ஏறலாம். பேசிட்டிருக்கிறவங்க பக்கத்துல போய் நின்னா, சட்டுனு பேச்சை மாத்துறாங்க. அது நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருக்கு.

அக்கா: அதெல்லாம் சரி. குறைக்கு வா.

தம்பி: குறைன்னா... எல்லாக் காவல் முகாமும் ஒரே அச்சு. ஒண்ணைப் பிடிச்சா எல்லாத்தையும் பிடிச்ச மாதிரி. ஊரை விரிச்சுட்டாங்க, செய்யறதுக்கு வேலை இல்லை.

அக்கா: அதுக்குப் படம் இருக்கு. ஒட்டிட்டேன்.

தம்பி: குதிரை சந்துக்குள்ள போனா மாட்டிக்குது.

அக்கா: இருக்கு. தலையை மட்டும் சுவத்துக்குள்ள விட்டுக்கிட்டு நிக்குது. பார்த்துச் சிரிச்சேன்.

தம்பி: மீன் பிடிக்கிறவன்லேருந்து பிச்சைக்காரன் வரைக்கும் எல்லாருக்கும் பல்லு பளிச்சுனு இருக்கு.

அக்கா: அதையும் ஒட்டியாச்சு. நீ பேசுவ, உன் பேச்சுக்குக் கீழே நான் படம் ஒட்டுவேன். ஆரம்பிச்ச நாள்லேருந்து அப்படித்தானே? நீ விளையாடினது அத்தனையும் எங்கிட்ட பதிவா இருக்கு. நீ என்ன சொன்னாலும் அது எங்கேயாவது இருக்கணும்.

தம்பி: ஆமா. இப்ப என்ன?

அக்கா: கடைசியா சொன்ன மூணு குறைக்குப் படம் இல்லை.

தம்பி: சரியாத் தேடியிருக்க மாட்ட.

அக்கா: முழுசா ஓட்டிப் பார்த்தேன்டா. ஒரு தடவை இல்ல.

தம்பி: எந்த மூணு?

அக்கா: "எதிரிகள் பக்கவாட்டிலிருந்து திடீரென்று முளைக்கிறார்கள். எந்த எச்சரிக்கையும் கிடையாது. இது சண்டை அல்ல, ஏமாற்று."

தம்பி: உண்மைதானே? நான் பாட்டுக்கு முன்னால இருக்கிறவனோட மோதிக்கிட்டு இருப்பேன், எங்கேருந்தோ ஒருத்தன் வந்து முதுகுல சொருகுவான். அதே பாலத்துல எத்தனை தடவை செத்தேன்...

அக்கா: எனக்குத் தெரியும். எல்லாத்தையும் பார்த்தேன்.

தம்பி: பார்த்தேல்ல? அப்புறம் படம் இல்லைங்கிற?

அக்கா: அவன் வர்றதுக்கு முன்னாடியே திரையோட ஓரம் சிவக்குது. எந்தப் பக்கத்துலேருந்து வர்றானோ அந்தப் பக்கம். நல்ல ரத்தச் சிவப்பு. அது எச்சரிக்கை இல்லாம வேற என்ன?

தம்பி: சிவக்குதா?

அக்கா: ஒவ்வொரு தடவையும்.

தம்பி: ...அது புதுசா மாத்தியிருப்பாங்க. இணையத்துலேருந்து அப்டேட் வந்திருக்கும்.

அக்கா: நீ விளையாடினதோட பதிவைத்தான்டா நான் பார்க்கிறேன். உன் ஆட்டத்துல சிவந்திருக்கு.

தம்பி: சரி, சண்டை மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டேன். அதுவும் கேம் மேல குறைதான். ஆடுறவன் கண்ணுல படலைன்னா அப்புறம் எதுக்கு அந்தச் சிவப்பு?

அக்கா: ரெண்டாவது. "ஆற்றங்கரைச் சந்துகளில் கும்மிருட்டு. கையில் இருப்பதுகூடத் தெரியவில்லை."

தம்பி: அதுல என்ன தப்பு?

அக்கா: வீட்டுக்கு வீடு விளக்கு எரியுதுடா.

தம்பி: உன் ஸ்கிரீன் வெளிச்சம் கூட. நீ எப்பவும் ஏத்தி வெச்சுப்ப.

அக்கா: உன் டிவியிலேயே போட்டுப் பார்த்தேன். நீ கடைக்குப் போயிருந்தப்போ.

தம்பி: என் ரூமுக்குள்ள போனியா?

அக்கா: போனேன். கோவிச்சுக்கோ, பரவாயில்ல. நாற்காலியை டிவிக்கு ரொம்பக் கிட்ட இழுத்துப் போட்டிருக்க. முன்னாடி கட்டில்ல சாஞ்சுகிட்டு ஆடுவ.

தம்பி: முதுகு வலிக்குது, அதான்.

அக்கா: ம்.

தம்பி: என்ன ம்?

அக்கா: ஒண்ணும் இல்ல. மூணாவது. "மூலையில் இருக்கும் சின்ன வரைபடம் அடிக்கடி மறைந்து விடுகிறது."

தம்பி: அது நிஜமாவே மறையுது. சத்தியமா.

அக்கா: மறையவே இல்லடா. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் அதே மூலையில இருக்கு.

தம்பி: சரி விடு. அந்த மூணுக்கும் படம் இல்லாமலே போடு. என் முகத்தைக் காட்டு. நான் சொன்னா நம்புவாங்க.

அக்கா: அதுதான் எனக்குப் பயமே. நீ சொன்னா நம்புவாங்க. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆபீஸ்ல உட்கார்ந்து செஞ்ச கேம் அது. ஏமாத்துறாங்கன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அவங்க கதை முடிஞ்சுது. அதோட இதை வாங்கி ஆடுறவன் முதல் சண்டையிலேயே அந்தச் சிவப்பைப் பார்த்துடுவான். பார்த்துட்டு உன்னைக் கிழிகிழின்னு கிழிப்பான். கண்ணால பார்த்ததைத்தான் சொல்வோம்னு நீ முடிக்கிறியே ஒவ்வொரு தடவையும், அதை வெச்சே கிழிப்பான். நம்மகிட்ட அந்தப் பேரை விட்டா வேற என்ன இருக்கு?

தம்பி: நான் பொய் சொல்லலக்கா.

அக்கா: பொய்னு நான் சொல்லவே இல்லையே.

தம்பி: நான் பார்த்ததைத்தான் சொன்னேன். நான் பார்த்தப்போ சிவப்பு இல்ல, விளக்கு இல்ல, வரைபடம் இல்ல.

அக்கா: அதான்டா நானும் சொல்றேன். தண்ணி குடிக்கிறியா?

தம்பி: வேண்டாம். ஃபேனைப் போடேன். எப்படியும் இப்ப பேசப் போறதில்ல.

அக்கா: போட்டுட்டேன். இதுக்கு முன்னாடி ரெண்டு கேம்லயும் இதே கதைதான்.

தம்பி: என்ன இதே கதை?

அக்கா: மலைக்கோட்டை கேம்ல படியில கால் வைக்கிற இடத்துல வைக்காம விழுந்துட்டே இருந்த. பக்கத்துல ஆள் நிக்கிறது தெரியாம முட்டிட்டே இருந்த. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது. ஆட்டம் மழுங்கிடுச்சு, வயசாகுதுன்னு எவனாவது எழுதிடுவானோன்னுதான் வெட்டினேன்.

தம்பி: எங்கிட்ட ஏன் சொல்லல?

அக்கா: நீ ஏன் எங்கிட்ட சொல்லல?

தம்பி: நான் என்ன சொல்லணும்?

அக்கா: நேத்து சமையல்கட்டுல தண்ணிப் பாத்திரத்தைத் தட்டிவிட்டியே. அதுக்கு முந்தி வாசக்கதவுல தோள்பட்டையை இடிச்சுக்கிட்ட. கேட்டா, யாரு கதவை இப்படித் திறந்து வெச்சதுன்னு என் மேலயே பாஞ்ச. அப்பாவும் இப்படித்தான் இடிச்சுக்குவார். அவர் எதையாவது தட்டிவிட்டா நாம என்ன சொல்வோம்? பார்த்து வரக் கூடாதாப்பா, கண்ணை எங்க வெச்சிருக்கீங்கன்னு கத்துவோம். அந்த மனுஷன் ஒண்ணும் பேசாம துணியை எடுத்துத் துடைப்பார்.

தம்பி: அக்கா, அதைப் பேசாத. ப்ளீஸ்.

அக்கா: அப்போ நீ பேசு.

தம்பி: ...போயிட்டுத்தான் வந்தேன்.

அக்கா: எங்க?

தம்பி: கண் டாக்டர்கிட்ட. ஹெட்போன் ரிப்பேர்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னிக்கு. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறியிருக்காம். ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டு வருமாம். வலி கிடையாது, ஒண்ணும் கிடையாது. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்னார். காலையில சொட்டு மருந்து, ராத்திரி சொட்டு மருந்து, வாழ்க்கை முழுக்க.

அக்கா: அப்ப தெரிஞ்சேதான் இந்தக் குறையெல்லாம் பேசினியா?

தம்பி: இல்லக்கா. அதுதான் எனக்கே அசிங்கமா இருக்கு. ஓரம் போகும்னா ஓரம் கறுப்பாத் தெரியும்னு நினைச்சேன். கறுப்பு எதுவுமே தெரியல. எல்லாம் முழுசா இருக்கிற மாதிரியே இருக்கு. அதனால கேம்லதான் ஏதோ இல்லைன்னு நினைச்சேன். பாலத்துல செத்துச் செத்து, அந்தப் பசங்களைக் கண்டபடி திட்டினேன். இப்ப நீ சொன்னப்புறம்தான்... எவ்வளவு போயிருக்குன்னே இப்பத்தான் தெரியுது.

அக்கா: டேய்... அழாத.

தம்பி: அழல. வேர்க்குது.

அக்கா: ஃபேன் ஓடிட்டு இருக்கு.

தம்பி: மூணையும் எடுத்துடு. முகாமும் குதிரையும் பல்லும் போதும். இன்னொண்ணு வேணா பேசுறேன், கதை பாதிக்கு மேல இழுக்குது, ஓடக்காரன் பழிவாங்கக் கிளம்பினதையே மறந்துட்டு ஊர்ல எல்லாருக்கும் எடுபிடி வேலை பார்க்கிறான். அது என் கண்ணு தப்பு இல்லையே?

அக்கா: அது அவங்க தப்புதான். எனக்கும் கொட்டாவி வந்துச்சு.

தம்பி: அந்தச் சிவப்பை நிறையில சேர்க்கணும். எச்சரிக்கை தெளிவா இருக்கு, நியாயமான சண்டைன்னு. ஆனா நான் அதைப் பார்க்கல. பார்க்காததை எப்படிச் சொல்றது?

அக்கா: பார்க்கலன்னே சொல்லேன்.

தம்பி: சொல்லலாம். சொன்னா நாளைக்கே கடையைக் கட்டணும். கண்ணு தெரியாதவன் சொல்ற விமர்சனத்தை எவன் கேட்பான்? இது ஒண்ணுதான்க்கா எனக்குத் தெரிஞ்ச வேலை.

அக்கா: கேட்கிறவன் கேட்பான். அதை அப்புறம் பார்த்துக்கலாம்.

தம்பி: இல்ல, நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். சொல்லட்டா? திட்டாத.

அக்கா: சொல்லு.

தம்பி: அதுக்கு முன்னாடி... டாக்டர் இன்னொண்ணும் சொன்னார். இது குடும்பத்துல வருமாம். கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே கூட்டிட்டு வாங்கன்னார். அதைத்தான் உங்கிட்ட சொல்ல வாய் வரல. நீ நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க, உங்கிட்ட போய் எப்படிச் சொல்றது? தினமும் காலையில இன்னிக்குச் சொல்லிடணும்னு எழுந்திருப்பேன். நீ வேலையில இருப்ப, சரி நாளைக்குன்னு விட்டுடுவேன். பெரிய தப்புதான். கோவமா?

அக்கா: இல்ல. உன் யோசனையைச் சொல்லு.

தம்பி: நீ ஒரு நடை போய்க் காட்டிட்டு வந்துடு. உனக்கு ஒண்ணும் இருக்காது. நான் விட்ட சிவப்பையெல்லாம் நீதானே பிடிச்ச? எதைத் தவற விட்ட நீ? அப்புறம் இப்படிச் செய்வோம். என் பக்கத்துல நாற்காலி போட்டு நீ உட்காரு. ஓரத்துல என்ன வருதுன்னு நீ பார்த்துச் சொல்லு, நடுவுல இருக்கிறதை நான் பார்த்துக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து பேசுவோம். நாம பார்த்ததுன்னு சொல்லிக்கலாம், அது பொய் இல்லையே? உன் கண்ணு இருக்கிற வரைக்கும் இந்த வேலைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா.

அக்கா: நான் போய்க் காட்டிட்டேன்டா. மலைக்கோட்டையில நீ படியில விழுந்து விழுந்து எழுந்தப்பவே அப்பா ஞாபகம் வந்துடுச்சு, உன்னைக் கூப்பிட்டா வர மாட்டன்னு நான் மட்டும் போனேன். எனக்கும் அதேதான். உன் சிவப்பையெல்லாம் ஒரே பார்வையில பிடிக்கல, ஓட்டி ஓட்டி, திரையை மூலை மூலையாத் தேடித்தான் கண்டுபிடிச்சேன்.