கவரைப்பேட்டை கணினி மையத்தில் நெப்போலியன் ஆட்டத்தின் நடுவே கம்பி பிடுங்கப்பட்டது குறித்து

பெயர் தணிகாசலம், வயது 67, த/பெ. முனிரத்தினம், பள்ளிக்கூடத் தெரு, கவரைப்பேட்டை. எம்.எஸ்சி. வேதியியல் படித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 5-6-2006 அன்று காவல் நிலையத்தில் மனு விசாரணைக்கு அழைக்கப்பட்டு, என் கைப்பட எழுதிக் கொடுப்பது. வரிசை பின்வருமாறு:

1. நானும் ஹனீபும் ஆடிய ஆட்டம்.
2. அது உண்மைப் போரைப் போன்றதா என்பதில் என் மூன்று கருத்துகள்.
3. சாலமோன் வந்தது.
4. கம்பி.

இரண்டாவது வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்று சார்பு ஆய்வாளர் சொன்னார். அதை விட்டால் நான்காவது விளங்காது என்று எனக்குத் தோன்றுவதால், அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

மனுதாரர் ஹனீப் பழவேற்காட்டுக்காரர், வயது நாற்பதுக்குள் இருக்கும், ரயில் நிலையம் அருகே கணினி மையம் நடத்துகிறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் இரண்டு வருடங்களாக அவரும் நானும் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை ஆடி வந்தோம். மவுஸ் அவர் கையில் இருக்கும். திரையில் வரும் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. அதற்காக அவர் பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலி போட்டு வைத்திருப்பார். எனக்கென்று நாற்காலி போட்டு வைப்பவர்கள் வேறு எங்கும் இல்லை.

ஒவ்வொரு படைக்கும் மொரேல் என்று ஓர் எண் உண்டு. அதை ஒழுக்கம் என்று நான் பெயர்த்திருந்தேன். மாரல் என்ற ஆங்கிலச் சொல்தான் அது, கடைசியில் இருந்த கூடுதல் எழுத்து பிரிட்டிஷ்காரர் வழக்கம் என்று நினைத்தேன். அதன் பின் ஒரு படை சிதறி ஓடினால் ஹனீப், "சார், பசங்களுக்கு ஒழுக்கம் பூட்சு, ஓட்றானுங்க" என்று கத்துவார். நாங்கள் இருவரும் சிரிப்போம்.

என் கருத்துகளாவன. ஒன்று, திரையில் அழுத்தியவுடன் படை திரும்புகிறது, உண்மையில் குதிரைவீரன் கட்டளை கொண்டுபோக வேண்டும், அவன் வழியில் செத்தும் போகலாம். இரண்டு, வாட்டர்லூவில் முதல் நாள் மழையால் தரை காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்தார் என்பார்கள், ஆனால் இந்த ஆட்டத்தில் பீரங்கி சேற்றிலும் நம் ஊர்க் கொல்கத்தா நெடுஞ்சாலையில் போவது போலப் போகிறது. மூன்று, பக்கத்துப் படை விலகி ஓடினால் இந்தப் படையின் ஒழுக்கமும் குறைகிறது. பக்கத்தில் இருந்தவன் போய்விட்டான் என்பதற்காக ஒருவனுடைய ஒழுக்கம் குறையாது, இதை எழுதியவனுக்கு மனிதரைத் தெரியாது என்பது என் வாதம். ஹனீப் ஆட்டத்தின் கட்சி. "சினிமால லாஜிக் பார்த்துக்கினா குந்துறோம்? இது இல்லன்னா நம்ம ரெண்டு பேருக்கும் இன்னா சார் பேச்சு?" என்பார்.

சாலமோன் ராணுவச் சம்பள அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கடந்த ஏப்ரலில் புதுவாயலில் மகள் வீட்டுக்கு வந்தார். ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தவர் திரையைப் பார்த்து நின்றார், அதன் பின் ஒவ்வொரு வெள்ளியும் வந்தார். கட்டளை தாமதமாகப் போய்ச் சேரும் வசதி ஆட்டத்திலேயே இருந்ததை வந்த அன்றே கண்டுபிடித்தார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. அப்படியும் குதிரைவீரன் சாவதில்லையே, என் கருத்து பாதி நிற்கிறது என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை, 2-6-2006 அன்று நான் போனபோது சிவப்பு நாற்காலியில் சாலமோன் இருந்தார். ஹனீப் திரும்பாமலே, "சார், அந்த ஸ்டூல்ல குந்துங்க" என்றார். உட்கார்ந்தேன். அதன் பின் ஒரு குதிரைப்படை சிதறியது, நான் பின்னாலிருந்து ஒழுக்கம் போய்விட்டது என்றேன். சாலமோன் திரும்பிப் பார்த்தார். "இன்னா சாரே, மொரேல்னா ஒழுக்கமா? ரெண்டு வருசமா குதிரைக்கெல்லாம் கேரக்டர் சர்டிபிகேட்டா குடுத்துக்கினு இருந்தீங்க? மொரேல்னா மனத் தெம்பு சாரே, தெம்பு!" ஹனீப் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பின் அடுத்த படை ஓடியது. ஹனீப், "மொரேல் பூட்சு" என்றார். அதைச் சாலமோனைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது என் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேசைக்கடியில் கணினியின் மின்கம்பி சாலமோனின் காலருகே போயிற்று. பேனாவை இடக்கையில் எடுத்தேன், வலக்கையால் கம்பியைப் பிடுங்கினேன். நிமிர்ந்தபோது திரை கறுத்திருந்தது. அதன் பின் அந்தக் கணினி கிளம்பவில்லை.

சாலமோன் காலை நீட்டிக் கம்பியை இழுத்துவிட்டார் என்று ஹனீப் சொன்னார். "பட்டாளத்துக்காரன் பொய் பேச மாட்டான்யா" என்று சாலமோன் அவர் சட்டையைப் பிடித்தார். மனு அதனால்தான். நான் பேனாவைப் பையில் குத்திக்கொண்டு நின்றேன். அன்று மாலை ஹனீப் என்னிடம், "அந்தாளு இனிமே வேணாம் சார், நம்ம ரெண்டு பேரே ஆடலாம்" என்றார். நான் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். வீட்டுக்கு நடந்தபோது சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

இன்று ஹனீபின் சாட்சியாக வந்தேன். அவர் சார்பு ஆய்வாளரிடம் என்னைக் காட்டி, "ஒழுக்கமான மனுசர் சார், பொய் வராது" என்றார். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதே பெஞ்சின் மறுகோடியில் சாலமோன் இருக்கிறார். சாலமோன் கம்பியைத் தொடவில்லை. இதை வாசித்துக் காட்டிய பின் அந்தக் கடையில் எனக்கு ஸ்டூலும் இருக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நடந்தவை எல்லாம் நடந்தபடியே உள்ளன, யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. என் கருத்துகளில் முதலாவதில் பாதியும் இரண்டாவது முழுதும் இன்னமும் சரி என்றே நினைக்கிறேன். மூன்றாவது தவறு. பக்கத்தில் இருந்தவன் விலகினால் ஒழுக்கம் குறையும்.

(ஒப்பம்) மு. தணிகாசலம்