பின்பக்கமாக ஓடிய எஞ்சினும் என் கொழுந்தன் தள்ளியதும்

என் பெயர், வயது, விலாசம் முதல் தாளில் எழுதியிருக்கிறபடி சரி. நான் லேத் பட்டறைக்காரரின் மனைவி. வீட்டு வேலை பார்க்கிறேன், பட்டறை வரவு செலவும் எழுதுகிறேன். பட்டறை எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டியது. அங்கே என் கணவரும், நீங்கள் இப்போது பிடித்து வைத்திருக்கும் அவருடைய தம்பியும் வேலை செய்கிறார்கள். நான் அதிகம் படிக்கவில்லை. கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவர்கள் இருவரும் ஒரு டீசல் எஞ்சின் செய்தார்கள். அதற்கு மேல்மூடி கிடையாது, வால்வு கிடையாது. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் எதிரும் புதிருமாக வரும், நடுவில் டீசல் வெடித்ததும் இரண்டும் விலகும். என் கொழுந்தன் இதற்கு சம்பந்தி எஞ்சின் என்று பெயர் வைத்து, ரெண்டு சம்பந்தியும் முட்டிக்கிட்டாத்தான் நம்ம வீட்ல வேலை நடக்கும் என்பார். எடை குறைவு, டீசலும் குறைவாகக் குடிக்கும். தண்ணீர் இறைக்க, படகில் வைக்க, கரண்ட் போனால் விளக்கெரிக்க ஆகும் என்று ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். இந்தப் புகாரைக் கொடுத்தவர் அவர்தான்.

அன்று காலை அவர் மேஜை மேலிருந்த எஞ்சின் வரைபடத்தைக் கேட்காமல் போனில் படம் எடுத்தார். என் கொழுந்தன், "இன்னொரு தடவ அதுல கை வெச்சீங்கன்னா கைய ஒடிச்சிருவேன் சார்" என்றார். நான் டீ கொண்டுபோனபோது இதைக் காதால் கேட்டேன். இதைச் சொல்லாதே, அவனுக்கு எதிராகப் போய்விடும் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். கடவுளுக்குப் பயந்தவள், விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு வராது. கம்பெனிக்காரர் சிரித்துவிட்டு, முதலில் இந்தப் பொம்மை ஓடட்டும் தம்பி என்றார்.

அதன் பிறகு எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு பிஸ்டனுக்கும் தனித்தனித் தண்டு உண்டு. பல்சக்கரம் வழியாக இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும். எஞ்சினைக் கிளப்ப எப்போதும் இடது தண்டில் கயிறு சுற்றி இழுப்பார்கள். அன்று அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் நின்றதால், மரியாதைக்காக என் கணவர் வலது தண்டுக்குப் போனார். ஆனால் கை பழக்கத்தில் கயிற்றை இடது தண்டுக்குச் சுற்றுகிற மாதிரியே சுற்றி இழுத்துவிட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஆனால் பின்பக்கமாக.

அதன் பிறகு சத்தம் ஏறிக்கொண்டே போனது. என் கணவர் டீசலை அடைத்தும் நிற்கவில்லை, எங்கிருந்தோ கசிந்த எண்ணெயைக் குடித்து ஓடியது. தரை அதிர்ந்து ஸ்பேனர்கள் ஆணியிலிருந்து விழுந்தன. கம்பெனிக்காரர் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு, எஞ்சின் காற்றை இழுக்கும் காற்றுப்பெட்டியின் வாயை அடைக்க ஓடினார். டீசல் எஞ்சின் அடங்காமல் ஓடினால் அதைத்தான் செய்ய வேண்டும், அவர் செய்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்பக்கமாக ஓடும்போது இந்த எஞ்சின் புகைக்குழாய் வழியாகக் காற்றை இழுத்து, காற்றுப்பெட்டி வழியாக நெருப்பைத் துப்பும். முன்பு ஒருமுறை ஒரு நொடி அப்படி ஆனதை அண்ணன் தம்பி இருவரும் பார்த்திருக்கிறார்கள். காற்றுப்பெட்டியில் புகை கிளம்பியதை அன்று நானும் பார்த்தேன்.

கம்பெனிக்காரர் அதன் வாய்க்கு நேராகக் குனிந்தார். என் கொழுந்தன் ஓடிவந்து இரண்டு கையாலும் அவரைத் தள்ளினார். அவர் லேத்தின் கால் மேல் விழுந்தார். அப்போதுதான் அவருடைய மணிக்கட்டு முறிந்தது. கத்திச் சொல்லியிருக்கலாமே என்று என்னிடம் கேட்கப்பட்டது. பக்கத்தில் நின்ற நான் கூப்பிட்டதே என் கணவருக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு என் கொழுந்தன் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கை எடுத்துப் புகைக்குழாயில் வைத்து அழுத்தினார். குழாய் அந்தச் சாக்கை உள்ளே இழுத்தது. எஞ்சின் திணறி நின்றது. அவருடைய உள்ளங்கைத் தோல் சிலிண்டரின் சூடு ஏறியிருந்த குழாயில் ஒட்டிக்கொண்டது. "அண்ணி, அவர மொதல்ல தூக்குங்க" என்றார். அதன் பிறகு நானும் என் கணவரும் கம்பெனிக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

என் கொழுந்தன் கோபத்தில் தள்ளினாரா, காப்பாற்றத் தள்ளினாரா என்று கேட்டீர்கள். மனசுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. காற்றுப்பெட்டிக்கு எதிரே உள்ள வெள்ளைச் சுவரில், ஆள் குனிந்தால் முகம் வருகிற உயரத்தில், அன்று ஒரு தட்டளவு கரி படிந்து சுண்ணாம்பு வெடித்திருக்கிறது. வீட்டில் ஒரு கறை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இருந்தும் அதை நான் துடைக்கவில்லை, வேறு யாரையும் துடைக்க விடவுமில்லை. நீங்கள் வந்து அதற்கு நேராகக் குனிந்து பாருங்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பட்டறைக்காரர் மனைவி