ஷெட்டுக்குள் ஒரே ஒரு கட்டில்

பேகம்பேட்டில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும் எதிர் இருக்கையிலிருந்து, உள்ளூர் உருது கலந்த தமிழில் ஒரு குரல் கேட்டது.

"நக்கோங்க, வேண்டாம். நீங்க வரவேண்டாம்."

சொன்ன அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மடியில் பழுப்பேறிய ஒரு புத்தகம். பக்கத்திலிருந்த கணவரிடம்தான் சொன்னார்.

"ஊருக்கு வெளியே, அல்வால் தாண்டி அந்த மனையை வாங்கினதே நான்தானே? காட்டுல குடிசை போட்டு எளிமையா வாழ்ந்தவரோட கதைன்னு கல்யாணமான புதுசுல இந்தப் புத்தகத்தை உங்கிட்ட கொடுத்ததும் நான்தானே?"

"ஹவ், ஆமா, நீங்கதான். அப்ப படிச்சப்போ எளிமைன்னா வீட்டுல சாமான் குறைச்சலா இருக்கறதுன்னு நினைச்சேன். இந்த வாரம் திரும்பப் படிச்சேன். அவர் தனியா போயிருக்கார்."

"அதுக்கு?"

"மனையில போட்ட ஷெட்டுக்கு ஒரு கட்டில்தான் சொல்லியிருக்கேன். ஒரு ஸ்டவ். ஆறு மாசம் இருந்து பாக்கறேன்."

"என் மேல கோவமா?"

"கோவம்லாம் இல்லைங்க. முப்பத்தஞ்சு வருஷமா வீட்டுக்கு யார் வந்தாலும் நீங்க எளிமையைப் பத்திப் பேசுவீங்க. நான் உள்ள பத்து பேருக்கு தோசை ஊத்திட்டிருப்பேன்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாரடைஸ் ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்து மூடியது.

"சரி, என் சாப்பாட்டுக்கு என்ன வழி?"

அந்த அம்மா புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"நீங்களும் இன்னொரு தடவை படிங்க. அதுல அவரே ரொட்டி சுட்டுக்கறார். அந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சிருக்கேன்."