ஆவுடையாள் மேடத்தின் செய்முறைத் தேர்வு

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் இரண்டு விரலால் தட்டுகிறார். குறையாகச் சொல்லவில்லை சார், எங்கள் பேராசிரியர்களில் பாதிப் பேர் அப்படித்தான். நான் மெதுவாகவே சொல்கிறேன், அவர் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நேற்று கரண்ட் போய் எல்லாம் அழிந்து, திரும்ப முதலிலிருந்து கேட்டீர்கள். எனக்கு அதில் சிரமமில்லை. எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வேன், பாடம் நடத்திப் பழகிய வாய்.

என் பெயர் செம்மல். வீடு ஆலங்குடி. திருமயம் ரோட்டில் இருக்கிற தனியார் பல்கலைக்கழகத்தில் மின்னறிவு ஒருங்கிணைப்பாளர். பேராசிரியராக இருப்பவருக்குக் கணினியும் இணையமும் எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தரநிலை வகுத்தார்கள். வகுத்தார்கள் என்ன, ராப்பகலாக உட்கார்ந்து எழுதியது நான்தான். முதல் நிலைக்கு மெயிலும் கோப்பும். இரண்டாம் நிலைக்கு இணையத்தில் வகுப்பெடுக்கத் தெரிய வேண்டும். மூன்றாம் நிலை பாதுகாப்பு. போலீஸ் என்று சொல்லிப் போனில் மிரட்டுகிறார்களே, அந்த மாதிரி அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வரும். ஒன்று, இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால் வேறு போனிலிருந்து தெரிந்த ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் தேர்ச்சி. இதுவும் நான் எழுதியதுதான்.

பதிவாளர் விஸ்வநாதன் சார் என்னைக் கூப்பிட்டு, "செம்மல், ஆய்வுக்குழு வாரதுக்குள்ள எல்லாரும் மூணாம் நிலைன்னு காட்டணும். காட்டிட்டீங்கன்னா ஒங்க வேலையை நிரந்தரம் பண்ணித் தாரேன்" என்றார். காட்டினேன். எப்படி என்று கேட்பீர்கள். பேராசிரியர்கள் தங்கள் பாஸ்வேர்டை ஆராய்ச்சி மாணவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் கேன்டீனில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டே தேர்வை முடித்துக் கொடுத்துவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். ஊரோடு ஒத்துப் போவதை உங்கள் இலாகாவில் தப்பென்று சொல்ல மாட்டீர்கள்.

ஒத்துப் போகாதவர் ஒருவர்தான். சரித்திரத் துறைத் தலைவர் ஆவுடையாள் மேடம். திருமயத்துப் பக்கம் பூர்வீகம், புதுக்கோட்டையில் தனியாக இருந்தார். கணவர் இல்லை, மகள் சுபஸ்ரீ சிங்கப்பூரில். பேசுவதற்கு ஒரு பழைய பட்டன் போன் வைத்திருந்தார். தரநிலைக்காக ஸ்மார்ட் போன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொன்னபோது, கீழராஜ வீதிக் கடைக்கு என்னையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சர்க்கரை வியாதிக்காரர். திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும் என்று கைப்பையில் எப்போதும் கமர்கட்டு வைத்திருப்பார். வகுப்பு முடிந்ததும் எனக்கும் ஒன்று நீட்டுவார். "இந்தாங்க தம்பி, கத்திக் கத்தித் தொண்டை காஞ்சுபோயிருக்கும்." எல்லா வகுப்புக்கும் வந்தவர் அவர் ஒருவர்தான். தேர்வைத் தானே எழுதினார், தானே தோற்றார். மறுபடி எழுதினார், மறுபடி தோற்றார். மாணவனிடம் பாஸ்வேர்டைக் கொடுங்கள் மேடம், அவன் பார்த்துக்கொள்வான் என்று நானே ஜாடையாகச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அந்த ஆசிரியர் கூட்டம். நான் மேடையில் நின்று தேர்ச்சி எண்ணிக்கையைப் பலகையில் காட்டிக்கொண்டிருந்தேன். மேடம் எழுந்தார். "இங்க யாரும் பாஸ் பண்ணலை. அவங்கவங்க பிள்ளைக பாஸ் பண்ணிருக்கு. என் பேருக்கு நேரா சைபர்னு போடுங்க தம்பி, இந்தப் பலகையில நெசமான மார்க் அது ஒண்ணுதான்" என்றார். சபை குலுங்கிச் சிரித்தது. விஸ்வநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன் என்று என் மனைவி காவ்யாவே சொல்வாள். கூட்டம் முடிந்து மேடம் என் அறைக்கு வந்து, "ஒங்களைச் சொல்லலை தம்பி, அந்த மனுசங்களைச் சொன்னேன். ஒங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். அது மட்டும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. மேடையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டுத் தனியாக வந்து தலையைத் தடவினால் யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் யோசித்துப் பார்த்ததில் அவர் பேச்சில் ஒரு நியாயம் தெரிந்தது. நிஜமான மார்க் வேண்டும் என்கிறார். நிஜமான மார்க் வேண்டுமென்றால் நிஜமான தேர்வு வைக்க வேண்டும். வைக்க வேண்டியவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காவ்யா கந்தர்வகோட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் கணினி முன் உட்கார்ந்து மேடத்தின் ஸ்மார்ட் போனுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். என் பக்கம் ஒரு முத்திரைப் படம் மட்டும் தெரியும். நான் தட்டச்சு செய்வதை இயந்திரம் கனத்த ஆண் குரலில் வாசிக்கும். இப்போதெல்லாம் இது சின்னப் பிள்ளை வேலை. வகுப்பிலேயே செய்து காட்டியிருக்கிறேன். ஆக, என் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பைசா கேட்கவுமில்லை. மோசடிப் பிரிவில் வழக்குப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது சரியில்லை.

டெல்லியிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாஸ்வேர்டு வழியாகப் பரீட்சைக் கேள்வித்தாள் வெளியே போயிருக்கிறது, விசாரணை முடியும்வரை கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று இயந்திரம் சொன்னது. மேடத்தின் முகம் வெளிறிப்போனது. "என் பாஸ்வேர்டை நான் யார்ட்டயும் குடுத்ததே இல்லைங்களே" என்றார். உண்மைதான். ஊரே கொடுத்தபோது கொடுக்காத ஒருத்தி. அப்போதே துண்டித்திருக்கலாம், முழு மதிப்பெண். துண்டிக்கவில்லை. அதனால் தேர்வு தொடர்ந்தது.

மேஜைமேல் ஒரு தட்டில் இட்லி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதைக் காட்டி, "சார், சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற இன்சுலின் ஊசியைப் போட்டுட்டேன். இதுக்கு மேல சாப்பிடாம இருக்கப்படாது. ரெண்டே வாய் சாப்பிட்டுக்கிறேன்" என்றார். நான் தட்டினேன். விசாரணை முடிந்து சாப்பிடலாம் என்று இயந்திரம் சொன்னது. தேர்வறையில் யாரையும் சாப்பிட விடுவதில்லை சார், நீங்களும் பரீட்சை எழுதித்தான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள்.

கதவு தட்டுகிற சத்தம். வீட்டு வேலை செய்கிற செவந்தி. திருப்பி அனுப்பு என்று தட்டினேன். மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "செவந்தி, இன்னைக்கு வேணாம், நாளைக்கு வா" என்றார்.

"ஏம்மா, கொரலு ஒரு மாதிரி இருக்கு? ஒடம்பு சொகமில்லையா? கதவைத் தொறங்கம்மா."

மேடம் கேமராவைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், ஆனால் நானென்று தெரியாது. கதவைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "ஒண்ணுமில்லத்தா, போயிட்டு வா" என்றார். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகு பாத்ரூம் போக வேண்டும் என்று கெஞ்சினார். போய்விட்டு உடனே வரச் சொன்னேன். நான் இரக்கமில்லாதவன் இல்லை. திரும்பி வந்தபோது ஆள் மாறியிருந்தார். அதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு, உங்கள் பேர் என்ன என்று எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர், அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என்ன சொன்னாலும் "சரிங்க" என்றார்.

ஜன்னல் வெயில் மேஜையை விட்டுக் கீழே இறங்கியது. மேடத்துக்கு வேர்த்துக் கொட்டியது, மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேச்சு குழறியது. என்னவோ ஒரு வருஷம் சொன்னார், ஏதோ ராஜா பேரும் சொன்னார், வகுப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் கைப்பை இருந்தது. அதன் பக்கமாகக் கை போனது. எதற்கென்று எனக்குத் தெரியும், அந்தக் கமர்கட்டை நான் எத்தனையோ தடவை வாங்கித் தின்றிருக்கிறேன். கையை மேஜைமேல் வையுங்கள் என்று தட்டினேன். வைத்தார். அந்தக் கை நடுங்கி நடுங்கி இட்லித் தட்டின்மேல் விழுந்தது, பிறகு தலையும் சாய்ந்தது. நடிக்கிறாரோ என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துண்டித்துவிட்டேன்.

ஆம்புலன்சுக்கு ஏன் சொல்லவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். சொன்னால் என் நம்பர் அங்கே பதிவாகும். இதை விட நேர்மையாக எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் செவந்தி வந்து பார்த்துக் கத்தியிருக்கிறாள். நான் அன்று வழக்கம்போல வேலைக்குப் போனேன். இரங்கல் கூட்டத்துக்கு மேடத்தின் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் நான்தான். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மூன்றாம் நிலை, தேர்ச்சி இல்லை என்று போட்டேன். இறந்தவரைக் கழித்துவிட்டால் மற்ற எல்லோரும் தேர்ச்சிதான் என்று விஸ்வநாதன் சார் சொன்னார்.

இப்போது நீங்கள் அன்றைக்கு என் போனுக்கு வந்த அழைப்புகளின் பட்டியலை நீட்டி ஒரு நம்பரைக் காட்டுகிறீர்கள். ஆமாம், அது மேடத்தின் பட்டன் போன். பாத்ரூமுக்குப் போனபோது எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மேஜையில் என்னுடைய போன் அடித்தது, அவர் பேர்தான் தெரிந்தது. இதை நானாகச் சொல்லியிருப்பேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

குரலைத் தாழ்த்திப் பேசினார். "தம்பி, ஆவுடையாள் பேசுறேன். டெல்லி ஆபீசருன்னு ஒருத்தரு காலையிலேர்ந்து போன்ல பிடிச்சு வச்சிருக்காரு, எந்திரிக்க விடமாட்டேங்குறாரு. நீங்க வகுப்புல சொன்னீங்களே, அந்த மாதிரி டூப்பா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. சந்தேகம்னா தெரிஞ்சவங்களைக் கேக்கச் சொன்னீங்கள்ல, அதான் ஒங்களைக் கேக்குறேன். நீங்க டூப்புன்னு சொன்னா இப்பவே கட் பண்ணிட்டுச் சாப்பிட்டுருவேன்."

"டூப் இல்லை மேடம். நெசமான ஆபீசருதான். அவங்க சொல்றபடி கேளுங்க" என்றேன்.

"அப்படிங்களா தம்பி. நீங்க சொன்னாச் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

ஆக, வாயால் பொய் சொல்லவில்லை என்று முன்னால் சொன்னதை ரைட்டர் திருத்திக்கொள்ளட்டும். வேறு போன், தெரிந்த ஆள், சரியான கேள்வி. எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் நிலையைத் தன் சொந்தப் புத்தியால் தொட்டவர் அவர் ஒருவர்தான். அந்த நிமிஷமே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் சார், அப்படிச் சொன்னேன்.